கருவில் கேட்கும் கட்டளைகள்: செல் ஏற்பிகளைப் பற்றி ஒரு பாடம்



பிரசவ வார்டில் வேலை செய்கிற எங்களுக்கு நன்கு பழகிப்போன ஒரு காட்சி உண்டு. குழந்தை ஏதோ ஒரு பிறவிக் குறையோடு பிறந்திருக்கும். தாய் இன்னும் எழுந்து உட்காரக்கூட இல்லை. அதற்குள் கட்டிலைச் சுற்றி விசாரணை தொடங்கிவிடும். "கிரகணத்தன்று வெளியே போனாயா?" "பப்பாளி சாப்பிட்டாயா?" "உங்கள் வீட்டுப் பக்கம் யாருக்காவது இப்படி இருந்ததா?" யார் செய்த பாவம் என்ற அந்தப் பழைய கேள்விதான், வெவ்வேறு வார்த்தைகளில். தாய் பதில் சொல்ல மாட்டாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

அந்த விசாரணைக்கு மருத்துவம் என்ன பதில் சொல்கிறது என்பதை இவ்விதழின் பாடப் பகுதியில் படிப்போம். பொருள் சற்றுக் கடினமானதுதான். ஆனாலும் பொறுமையாக வாசித்தால் பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைகளும் புரிந்துகொள்ளும் விதத்தில் எழுத முயன்றிருக்கிறோம்.

1. கேள்வி என்ன?

நாம் எல்லோரும் ஒரே ஒரு செல்லாகத் தொடங்கியவர்கள். அந்தச் செல் இரண்டாகி, நான்காகி, எட்டாகிப் பெருகுகிறது. இதில் வியப்புக்குரிய செய்தி, எண்ணிக்கை கூடுவது மட்டுமல்ல. பெருகிய செல்களில் சில இருதயமாகின்றன, சில எலும்பாகின்றன, சில கண்ணிமையாகின்றன. ஏறத்தாழ எல்லாச் செல்களுக்குள்ளும் இருப்பது ஒரே மரபணுத் தொகுப்புதான். அப்படியானால் எந்தச் செல் எங்கே போக வேண்டும், எப்போது பெருக வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதை அதற்கு யார் சொல்வது?

பதில் இதுதான்: செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்கின்றன. செய்தியாகப் போகும் சிறு புரதங்களில் முக்கியமான ஒரு கூட்டத்துக்கு "வளர்ச்சிக் காரணிகள்" என்று பெயர். செய்தியை வாங்கிக்கொள்ளச் செல்லின் மேற்புறத்தில் இருக்கும் புரதத்துக்கு "ஏற்பி" என்று பெயர். கடிதம் எழுதினால் மட்டும் போதாது, வாங்கிக்கொள்ள ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள்தான் ஏற்பி.

2. முன்னதாகவே கண் திறந்த சுண்டெலிகள்

இந்த உண்மை தெரிய வந்த வரலாறு சுவையானது. இத்தாலியில் தூரின் நகரத்தைச் சேர்ந்த ரீத்தா லெவி-மொன்தால்சினி என்ற யூதப் பெண்மணி மருத்துவம் படித்தவர். 1938-இல் முசோலினி அரசு கொண்டுவந்த இனச் சட்டங்களால் அவர் பல்கலைக்கழக வேலையை இழந்தார். அவர் சோர்ந்துவிடவில்லை. வீட்டில் தம் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கினார். தையல் ஊசிகளைத் தீட்டிக் கத்தியாக்கிக்கொண்டு, கோழி முட்டைக்குள் வளரும் கருவின் நரம்புகளை ஆராய்ந்தார். போர் முடிந்தபின் 1947-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகருக்குச் சென்றார். சுண்டெலியின் ஒரு வகைக் கட்டியைக் கோழிக் கருவில் வைத்தால், கருவின் நரம்புகள் அதை நோக்கி அளவுக்கு மீறி வளர்வதை அங்கே ஆராய்ந்தார். அந்தக் கட்டியிலிருந்து ஏதோ ஒரு பொருள் கசிகிறது, அதுவே நரம்பை வளர்க்கிறது என்று முடிவு செய்தார்.

அந்தப் பொருளைப் பிரித்தெடுக்க ஸ்டான்லி கோஹென் என்ற வேதியியலாளர் 1953-இல் அவரோடு சேர்ந்தார். ஆண் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியில் அப்பொருள் மிகுதியாக இருப்பது தெரிந்தது. அந்தச் சுரப்பியின் சாற்றைப் பிறந்த சுண்டெலிக் குஞ்சுகளுக்கு ஊசி வழியாகச் செலுத்தியபோது எதிர்பாராத ஒன்று நடந்தது. வழக்கமாக 12 முதல் 14 நாட்களில் கண் திறக்கும் குஞ்சுகள் ஏழாம் நாளே கண் திறந்துவிட்டன. பற்களும் முன்னதாகவே முளைத்தன. நரம்பு வளர்ச்சிக் காரணி இதைச் செய்வதில்லை. ஆகவே சாற்றில் வேறொன்றும் இருக்கிறது என்று கோஹென் அறிந்தார். தோலையும் அதைப் போன்ற மேல்படலங்களையும் வளரச் செய்யும் அப்பொருளை 1962-இல் பிரித்தெடுத்து வெளியிட்டார். இதையே மேல்தோல் வளர்ச்சிக் காரணி என்கிறோம். இது 53 அமினோ அமிலங்களே கொண்ட மிகச் சிறிய புரதம். பின்னர் அதன் ஏற்பியையும் கோஹென் ஆராய்ந்தார். 1986-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

3. ஏற்பி எப்படி வேலை செய்கிறது?

செல்லைச் சுற்றிக் கொழுப்பாலான ஒரு மெல்லிய சுவர் உண்டு. வளர்ச்சிக் காரணி அதைத் தாண்டி உள்ளே போக முடியாது. ஏற்பியோ சுவரின் குறுக்கே நிற்கிறது. அதன் தலை வெளியே, வால் உள்ளே. வீட்டு வாசலில் அழைப்பு மணியின் பொத்தான் வெளியே இருக்க, மணி உள்ளே ஒலிப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை நடக்கும் வரிசை இது:

அ. வளர்ச்சிக் காரணி வந்து தனக்குப் பொருத்தமான ஏற்பியின் தலையில் ஒட்டுகிறது. சாவியும் பூட்டும் போல, பொருந்தாத ஏற்பியில் ஒட்டாது.

ஆ. ஒட்டியவுடன் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஏற்பிகள் ஜோடி சேருகின்றன.

இ. ஜோடி சேர்ந்தபின் உள்ளே இருக்கும் வால்கள் ஒன்றன்மேல் ஒன்று பாஸ்பேட் என்ற சிறு முத்திரையைக் குத்துகின்றன. முத்திரை விழுவது டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் மேல். மேல்தோல் வளர்ச்சிக் காரணியின் ஏற்பி இப்படிச் செய்வதைக் கோஹெனின் ஆய்வுக்கூடம் 1980-இல் காட்டியது.

ஈ. முத்திரை விழுந்த இடத்தில் செல்லுக்குள் இருக்கும் வேறு புரதங்கள் வந்து சேர்ந்து, கைமாற்றிக் கைமாற்றிச் செய்தியைச் செல்லின் உட்கருவுக்குக் கொண்டுபோகின்றன. அங்கே சில மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன, சில உறங்கிவிடுகின்றன.

உ. வேலை முடிந்ததும் ஏற்பி உள்ளே இழுக்கப்பட்டு, அழிக்கப்படுகிறது அல்லது மறுபடியும் வாசலுக்கு அனுப்பப்படுகிறது. மணி ஒலித்துக்கொண்டே இருந்தால் வீட்டில் யாரும் நிம்மதியாக இருக்க முடியாது அல்லவா? நிறுத்துவதும் தொடங்குவதைப் போலவே முக்கியம்.

டைரோசின் முத்திரை குத்தும் இவ்வகை ஏற்பிகள் மனிதரிடம் 58 உண்டு. இந்தச் சிறு கூட்டத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியே கருவின் பல உறுப்புகள் உருவாகின்றன. கேட்கும் செல் எது, நேரம் எது என்பதைப் பொறுத்து ஒரே செய்தி வெவ்வேறு பலனைத் தருகிறது. இனிச் சில உதாரணங்களைப் பார்ப்போம்.

4. முதல் உதாரணம்: குடலின் நீண்ட பயணம்

பிறந்து இரண்டு நாளாகியும் குழந்தை காட்டுப்பீயைக் கழிக்கவில்லை. வயிறு உப்புகிறது. பச்சை நிறத்தில் வாந்தி எடுக்கிறது. இப்படி வரும் குழந்தைகளில் சிலருக்கு இருப்பது ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோய். ஏறத்தாழ 5,000 பிறப்புகளில் ஒன்றில் இது காணப்படுகிறது. ஆண் குழந்தைகளிடம் நான்கு மடங்கு அதிகம். கோபன்ஹேகன் நகரத்துக் குழந்தை மருத்துவரான ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ரங் 1886-இல் இதைத் தெளிவாக விவரித்ததால் நோய்க்கு அவர் பெயர் வந்தது. அவர் விவரித்த இரண்டு குழந்தைகளும் இறந்துபோயின.

இந்தக் குழந்தைகளின் குடலில் அடைப்பு ஒன்றும் இருக்காது. கடைசிப் பகுதியில் நரம்புச் செல்கள் இல்லை, அவ்வளவுதான். நரம்பு இல்லாத குடல் தளர முடியாமல் இறுகியே இருக்கும். மலம் அதைத் தாண்டாது.

நரம்புச் செல்கள் ஏன் இல்லை? அவை குடலிலேயே பிறப்பவை அல்ல. கருவின் முதுகுப் பக்கத்தில் நரம்பு முகடு என்ற இடத்தில் பிறக்கின்றன. நான்காம் வாரத்தில் கழுத்துப் பக்கமாகக் குடலின் மேல் முனைக்குள் நுழைந்து, பெருகிக்கொண்டே கீழ்நோக்கி நடந்து, ஏழாம் வாரத்தில் குடலின் கடைசி முனையை எட்டுகின்றன. கருவில் நடக்கும் பயணங்களில் மிக நீண்டவற்றில் இது ஒன்று.

அவற்றுக்கு வழி காட்டுவது ஒரு வளர்ச்சிக் காரணி. குடலின் சுவர் அதைச் சுரக்கிறது. பயணம் செய்யும் செல்லின் மேல் அதைக் கேட்கும் ஏற்பி இருக்கிறது. அந்த ஏற்பியின் பெயர் ரெட். "இங்கே வா, பெருகு, இன்னும் கீழே போ" என்பதே அந்தச் செய்தி. ரெட் ஏற்பி அரைகுறையாக வேலை செய்தால் செல்கள் போதுமான அளவு பெருகுவதில்லை. கூட்டம் குறைந்து, கடைசி ஊரை அடையுமுன் பயணம் நின்றுவிடுகிறது. ஆகவேதான் இந்நோயில் குறை எப்போதும் குடலின் கீழ் முனையிலேயே தொடங்குகிறது.

1994-இல் ரெட் மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை ஆய்வாளர் உருவாக்கினர். அவற்றின் குடலில் நரம்புச் செல்கள் உருவாகவில்லை. சிறுநீரகமும் உருவாகவில்லை, அல்லது பெயரளவுக்கே இருந்தது. ஏனென்றால் சிறுநீரகக் குழாய் கிளைவிடுவதற்கும் இதே ஏற்பி தேவை. அதே 1994-இல் ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயுள்ள மனிதரிடமும் ரெட் மரபணுவில் பிழைகள் இருப்பது அறிவிக்கப்பட்டது. ஒரே குடும்பத்தில் பலருக்கு இந்நோய் வரும்போது, ஏறத்தாழ பாதிக் குடும்பங்களில் இந்த மரபணுவில் பிழை காணப்படுகிறது. மற்றவர்களிடம் பல சிறு காரணங்கள் கூடிச் சேருகின்றன.

இந்த நோய்க்குச் சிகிச்சை உண்டு. 1948-இல் ஸ்வென்சன் என்ற அறுவை மருத்துவர் நரம்பில்லாத பகுதியை நீக்கி, நல்ல குடலைக் கீழே இழுத்து இணைக்கும் முறையை வெளியிட்டார். இன்று அதன் பல வகைகள் நடைமுறையில் உள்ளன. நேரத்தில் கண்டுபிடித்தால் பெரும்பாலான பிள்ளைகள் வளர்ந்து பள்ளிக்குப் போகிறார்கள். தாமதித்தால் குடலில் கிருமி பரவி உயிருக்கே ஆபத்து வரும். நலமான பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் முதல் 24 மணி நேரத்துக்குள் காட்டுப்பீயைக் கழித்துவிடுவார்கள். 48 மணி நேரம் கடந்தும் கழிக்காவிட்டால் கிரைப் வாட்டரும் வெற்றிலைக் காம்பும் வேண்டாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள். பச்சை வாந்தி இருந்தால் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

5. இரண்டாம் உதாரணம்: நெற்றியில் ஒரு வெள்ளை முடிக்கற்றை

நரம்பு முகட்டிலிருந்து புறப்படும் இன்னொரு கூட்டம் தோலுக்கு நிறம் தரும் செல்கள். அவை முதுகிலிருந்து இரு பக்கமும் பரவி வயிற்றுப் பக்கம் வந்து சேர வேண்டும். அவற்றின் மேல் இருக்கும் ஏற்பிக்குக் கிட் என்று பெயர்.

வெள்ளைத் திட்டுள்ள சுண்டெலிகளை மனிதர் நெடுங்காலமாகவே ஆசைக்கு வளர்த்து வந்தார்கள். அந்தத் திட்டுக்குக் காரணம் கிட் ஏற்பியின் மரபணுவில் உள்ள பிழையே என்று 1988-இல் தெரிந்தது. 1991-இல் மனிதரிலும் அதே பிழை கண்டறியப்பட்டது. ஏற்பி சரியாகக் கேட்காததால் நிறச் செல்கள் குறைவாகவே பெருகுகின்றன. உடம்பு முழுவதையும் நிரப்ப அவை போதவில்லை. ஆகவே குழந்தை பிறக்கும்போதே நெற்றிக்கு மேல் ஒரு கற்றை முடி வெள்ளையாகவும், நெற்றி, மார்பு, வயிறு, கைகால் ஆகிய இடங்களில் வெள்ளைத் திட்டோடும் பிறக்கிறது.

இந்த உதாரணத்தை நாம் சற்று நிதானமாகச் சிந்திக்க வேண்டும். வெள்ளைத் திட்டு என்றவுடனே நம் ஊர்களில் "குஷ்டம்" என்ற வார்த்தை வாயில் வந்துவிடுகிறது. அந்த ஒரு வார்த்தையால் பெண்ணுக்கு வரன் நின்றுபோகிறது, பிள்ளைக்குப் பள்ளியில் தனிப் பலகை கிடைக்கிறது. ஆகவே மூன்றையும் பிரித்து அறிந்துகொள்வோம்.

தொழுநோய் ஒரு கிருமியால் வருவது. அதன் தேமல் பால் போல் வெள்ளையாக இராது, சற்று வெளிறியோ சிவந்தோ இருக்கும். பெரும்பாலும் அவ்விடத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். மருந்தால் முழுவதும் குணமாகும்.

வெண்புள்ளி பிறந்தபின் வருவது, காலப்போக்கில் பரவக்கூடியது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நிறச் செல்களைத் தாக்குவதால் வருகிறது. கிருமி இல்லை, தொற்றாது. இதை "வெண்குஷ்டம்" என்று சொல்லும் வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும்.

மூன்றாவதுதான் நாம் இப்போது படித்த பிறவி வெண்திட்டு. பிறப்பிலிருந்தே இருக்கிறது, பெரும்பாலும் மாறாமல் அப்படியே இருக்கிறது, உணர்ச்சி குறைவதில்லை, யாருக்கும் தொற்றாது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. இப்படிப்பட்டவர்களுக்கு வெயிலிலிருந்து தோலைக் காத்துக்கொள்வது போதும்.

கிட் ஏற்பி பெரியவர்களிடமும் வேலை செய்கிறது என்பதற்கு ஒரு சான்று: சிலவகை இரத்தப் புற்றுக்கும் குடல் கட்டிக்கும் 2001 முதல் தரப்படும் இமாட்டினிப் என்ற மாத்திரை கிட் ஏற்பியையும் அடைக்கிறது. அதை உட்கொள்ளும் சிலருடைய தோல் நிறம் வெளிறுவது உண்டு.

6. மூன்றாம் உதாரணம்: நிற்காத பிரேக்

இதுவரை கண்டது ஏற்பி குறைவாக வேலை செய்வதால் வரும் குறை. அதிகமாக வேலை செய்தாலும் குறை வரும். கை கால் எலும்புகளின் நுனியில் குருத்தெலும்புத் தட்டு ஒன்று உண்டு. அங்கே செல்கள் பெருகுவதால்தான் எலும்பு நீளுகிறது. அங்குள்ள ஓர் ஏற்பி, நார்ச்செல் வளர்ச்சிக் காரணியின் மூன்றாம் ஏற்பி. பெயரில் வளர்ச்சி என்று இருந்தாலும் இங்கே அதன் வேலை வளர்ச்சியை அளவோடு நிறுத்துவது. 1996-இல் இந்த ஏற்பி இல்லாத சுண்டெலிகளை உருவாக்கியபோது அவற்றின் எலும்புகள் வழக்கத்தைவிட நீளமாக வளர்ந்தன. பிரேக் இல்லாத வண்டி போல.

அகோண்ட்ரோபிளேசியா என்ற குட்டை உடலமைப்பில் நடப்பது இதற்கு நேர்மாறானது. ஏற்பியின் 380-ஆம் இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறிவிடுகிறது. மாறிய ஏற்பி அளவுக்கு மீறி வேலை செய்கிறது. பிரேக் மிதித்தபடியே இருக்கிறது. கை கால்கள் குட்டையாகின்றன. 1994-இல் இது கண்டுபிடிக்கப்பட்டது. உலகில் எங்கே பார்த்தாலும் இவ்வமைப்புள்ள ஏறத்தாழ எல்லோரிடமும் மாற்றம் அதே ஒரே இடத்தில்தான். ஏறத்தாழ 25,000 பிறப்புகளில் ஒருவருக்கு இது வருகிறது. இவர்களுடைய அறிவாற்றலுக்குக் குறைவு ஒன்றும் இல்லை.

இப்போது கட்டிலைச் சுற்றி நின்று விசாரித்தவர்கள் கவனிக்க வேண்டிய செய்தி வருகிறது. இவ்வமைப்போடு பிறக்கும் குழந்தைகளில் 100-க்கு 80 பேருடைய பெற்றோர் இருவரும் வழக்கமான உயரம் உள்ளவர்களே. மாற்றம் அந்தக் குழந்தையில்தான் புதிதாகத் தோன்றுகிறது. புதிதாகத் தோன்றும்போது அது தகப்பனுடைய விந்தணுவிலேயே ஏற்படுகிறது என்று 1998-இல் வெளியான ஆய்வு காட்டியது. தகப்பனுடைய வயது கூடக்கூட வாய்ப்பும் சற்றுக் கூடுகிறது. இதைச் சொல்வது தகப்பன்மேல் பழியை மாற்றிப் போடுவதற்காக அல்ல. செல் பிரியும்போது எழுத்து ஒன்று மாறிப்போகிறது. அதை விரும்பிச் செய்தவர் எவரும் இல்லை, தடுத்திருக்கக் கூடியவரும் எவரும் இல்லை. கிரகணத்துக்கும் பப்பாளிக்கும் இதில் இடமே இல்லை.

இக்குழந்தைகளுக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் தலையின் சுற்றளவையும் மூச்சையும் தவறாமல் கவனிக்க வேண்டும். மண்டை ஓட்டின் அடித்துளை சிறுத்து மூளைத்தண்டை அழுத்தும் ஆபத்து உண்டு. வோசோரிடைட் என்ற ஊசி மருந்து 2021-இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. அது பிரேக்கைச் சற்றுத் தளர்த்துகிறது. நாள்தோறும் போட வேண்டும், விலையும் மிக அதிகம். ஆனாலும் ஏற்பியைப் பற்றிய அறிவு மருந்தாக மாற 27 ஆண்டுகளே ஆயின என்பதைக் கவனியுங்கள்.

7. நுரையீரலும் இருதயமும்

மூச்சுக் குழாய் மரம் போலக் கிளைவிட்டு நுரையீரலாகிறது. சுற்றியுள்ள திசு ஒரு வளர்ச்சிக் காரணியைச் சுரக்க, குழாயின் நுனியில் உள்ள ஏற்பி அதைக் கேட்டு அத்திசையில் நீள்கிறது. அந்தக் காரணி இல்லாத சுண்டெலிகளை 1998-இல் உருவாக்கினர். மூச்சுக் குழாய் இருந்தது, நுரையீரல் இல்லை. கைகால்களும் முளைக்கவில்லை. நுரையீரலும் கைகாலும் ஒரே செய்தியை நம்பியிருப்பது அப்போது தெளிவாயிற்று.

1995-இல் இருதயத்தைப் பற்றி இன்னொரு செய்தி வந்தது. மேல்தோல் ஏற்பிக் குடும்பத்தின் இரண்டாம் உறுப்பினரை நீக்கினால், சுண்டெலிக் கரு ஏறத்தாழ 10-ஆம் 11-ஆம் நாளில் இறந்துவிடுகிறது. இருதய அறையின் உட்புறத்தில் உருவாக வேண்டிய தசைத் தூண்கள் உருவாவதில்லை. இதே ஏற்பி சில மார்பகப் புற்றுகளில் மிகுதியாக இருக்கிறது. அதை அடைக்கும் டிராஸ்டுசுமாப் என்ற மருந்து 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதனால் பல பெண்கள் பிழைத்திருக்கிறார்கள். ஆனால் சிலருக்கு இருதயம் பலவீனப்படுவது உண்டு. கருவில் இருதயத்தைக் கட்டிய ஏற்பி, வளர்ந்தவரிடமும் அதைக் காத்து வருகிறது. எனவே அம்மருந்து எடுப்பவர்களுக்கு இடையிடையே எக்கோ பரிசோதனை செய்வது அவசியம். கர்ப்பிணிகளுக்கு இதைத் தரக் கூடாது. புற்று மருந்து எடுக்கும் எந்தப் பெண்ணும், கருத்தரிக்கும் எண்ணம் இருந்தால் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

8. ஒரே பிழை, வெவ்வேறு விளைவு

கடைசியாக ஒரு செய்தி. மேல்தோல் வளர்ச்சிக் காரணியின் ஏற்பியை நீக்கிய சுண்டெலிகளை 1995-இல் மூன்று குழுவினர் தனித்தனியே வெளியிட்டனர். அவை கண் திறந்தபடியே பிறந்தன. காரணி மிகுந்தாலும் கண் முன்னதாகத் திறக்கிறது, ஏற்பி இல்லாவிட்டாலும் திறந்திருக்கிறது, இது எப்படி? கருவில் இமைகள் முதலில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பிறகு பிரிகின்றன. ஏற்பி இல்லாவிட்டால் அவை ஒட்டுவதே இல்லை. மனிதக் கருவிலும் இமைகள் ஒட்டியிருந்து, சுமார் 26-ஆம் வாரத்தில் பிரிகின்றன. மிகவும் குறைமாதத்தில் பிறந்த குழந்தை சில சமயம் ஒட்டிய இமைகளோடு இருப்பதைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் நர்சுகள் அறிவார்கள். அது குருட்டுத்தன்மை அல்ல. இமைகள் பிரியும் காலம் இன்னும் வரவில்லை என்பதே பொருள். கையால் பிரிக்க முயலக் கூடாது.

அந்தச் சுண்டெலிகளில் இன்னொரு வியப்பும் இருந்தது. ஒரு வம்சத்தில் கரு கருப்பையில் பதியும் காலத்திலேயே இறந்தது. இன்னொரு வம்சத்தில் நஞ்சுக்கொடி சரியாக அமையாமல் பாதிக் கர்ப்பத்தில் இறந்தது. மூன்றாவது வம்சத்தில் உயிரோடு பிறந்து, தோல், குடல், மூளை ஆகியவற்றில் குறைகளோடு மூன்று வாரம் வரை வாழ்ந்தது. நீக்கப்பட்ட ஏற்பி ஒன்றேதான். சுற்றியுள்ள மற்ற மரபணுக்கள் வேறுபட்டதால் விளைவும் வேறுபட்டது.

ஆகவே ஒரே குடும்பத்தில் தகப்பனுக்கு நெற்றி முடி மட்டும் வெள்ளையாக, மகனுக்கு வயிறு முழுவதும் திட்டாக இருப்பதைக் கண்டு நாம் வியக்க வேண்டியதில்லை. "அவனுக்கு இவ்வளவு, இவளுக்கு இவ்வளவு, இவள் என்ன செய்தாளோ" என்று ஒப்பிடவும் வேண்டியதில்லை.

9. நாம் செய்ய வேண்டியது

இந்தப் பாடத்தைப் படித்து முடித்தபின் நீங்கள் செய்யக்கூடிய சில காரியங்களைச் சொல்கிறோம்.

பிறந்த குழந்தை முதல் மலம் கழித்ததா, எப்போது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஊரில் பிரசவம் பார்க்கும் சகோதரிகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

வெள்ளைத் திட்டு உள்ள பிள்ளையைக் கண்டால் பிறவியிலேயே இருந்ததா, உணர்ச்சி இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்கட்டும். அதுவரை எந்தப் பெயரையும் சூட்ட வேண்டாம்.

ஒரு குழந்தை குறையோடு பிறந்தால், அடுத்த குழந்தைக்கு வரும் வாய்ப்பு எவ்வளவு என்பதை மரபணு ஆலோசனையில் கேட்டறியலாம். புதிதாகத் தோன்றிய மாற்றமானால் அது பெரும்பாலும் மிகக் குறைவு. தெரியாமல் பயந்துகொண்டிருப்பதைவிடத் தெரிந்துகொள்வது நல்லது.

எல்லாவற்றிலும் முதலாவது, அந்தத் தாயின் கட்டிலருகே போகும்போது கேள்வியோடு போக வேண்டாம். ஒரு பிளாஸ்கில் சூடான கஞ்சியோடு போங்கள். "இது உன் தப்பு இல்லை அம்மா" என்று சொல்லுங்கள். அது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல, ஆய்வுக்கூடத்தில் நிரூபிக்கப்பட்ட உண்மை என்பதை இப்போது நீங்கள் அறிவீர்கள்.

நினைவுகூரச் சில கேள்விகள்

1. வளர்ச்சிக் காரணிக்கும் ஏற்பிக்கும் உள்ள வேறுபாடு என்ன?
2. ஹிர்ஷ்ஸ்ப்ரங் நோயில் குறை ஏன் குடலின் கீழ் முனையில் தொடங்குகிறது?
3. பிறவி வெண்திட்டு, வெண்புள்ளி, தொழுநோய் ஆகிய மூன்றையும் எப்படிப் பிரித்தறிவோம்?
4. எலும்பு நுனியில் உள்ள ஏற்பியை ஏன் பிரேக் என்றோம்?
5. ஒரே மரபணுப் பிழை இருவரிடம் வெவ்வேறாகத் தோன்றக் காரணம் என்ன?

இக்கேள்விகளைப் பெண்கள் கூட்டத்திலும் வாலிபர் கூட்டத்திலும் கேட்டுப் பாருங்கள். விடைகள் அனைத்தும் மேலேயே இருக்கின்றன.